15 வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்றால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ரசாயன ஆலை ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மணிக்கொரு முறை ரீடிங் எடுக்க வேண்டும் என்று எஸ்ஓபி (எழுதி வைத்த செயல்முறை) சொல்கிறது. ஆபரேட்டர்களோ ஷிப்ட் முடியும் நேரத்தில் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். அலாரம் அடித்தால் என்னவென்று பார்க்காமலே அமுக்கிவிடுகிறார்கள். ஒரு இன்டர்லாக் (ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் அமைப்பு) பைபாஸில், அதாவது செயலிழக்க வைத்த நிலையில், கிடக்கிறது, எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால், "தம்பி, 15 வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒரு சின்னத் தீகூட பிடிச்சதில்ல" என்று பதில் வருகிறது. அப்படியானால் விதிகளெல்லாம் ஆடிட்டுக்காக மட்டும்தானா, நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா என்று கேட்கிறீர்கள். கன்பர்மேஷன் ஆகும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லதா என்பதையும் கடைசி வரியில் நைசாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

ஆக, இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதுவரை ஒன்றும் நடக்காததைப் பாதுகாப்புக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்பது ஒன்று. முடியாது என்றால் எட்டு மாத அனுபவம் உள்ளவர் என்ன செய்வது என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னால் அடித்துச் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, நான் பார்த்த நாலைந்து ஆலைகளில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். 26 வருடமாக பேட்ச் ப்ளான்ட்களில்தான் (தொகுதி தொகுதியாகத் தயாரிக்கும் ஆலைகள்) இருக்கிறேன்: மருந்து இடைப்பொருள், சாயப் பொருள், கொஞ்ச காலம் ரெசின். ஷிப்ட் கெமிஸ்ட்டாகத் தொடங்கி, கடைசிப் பத்து வருடம் ப்ராசஸ் சேஃப்டி (தீ, வெடிப்பு, வாயுக்கசிவு வராமல் பார்க்கும் வேலை). ரிஃபைனரி, உர ஆலை மாதிரி மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் இடங்களில் வேலை பார்த்ததில்லை; அங்கே இருப்பவர்கள் சில இடங்களில் என்னோடு மாறுபடலாம். உங்கள் ஆலையை நான் பார்த்ததும் இல்லை. எதைச் சொன்னாலும் அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 15 வருடக் கணக்கு. சராசரியாக 20 வருடத்துக்கு ஒருமுறை பெரிதாக வெடிக்கக்கூடிய ஓர் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு மோசமான இடத்துக்குத் தெரிந்தே யாரும் வேலைக்குப் போக மாட்டோம். ஆனால் அந்த ஆலையே 15 வருடம் சத்தமில்லாமல் ஓடிவிட ஏறக்குறைய 47 சதவீத வாய்ப்பு உண்டு. காசு சுண்டுவது மாதிரிதான். 5 வருடத்துக்கு ஒருமுறை வெடிக்கக்கூடிய ஆலைக்கே 15 வருடத்தைத் தாண்ட 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதனால், "15 வருஷமா ஒன்றுமில்லை" என்பதை வைத்துக் கணக்குப்படி நம்பிச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 5 வருடத்துக்கு ஒன்று என்ற அளவைவிட நிலைமை மோசமில்லை. பல உயிர்கள் போகக்கூடிய விபத்துக்கு நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு 10,000 வருடத்துக்கு ஒன்று, 1,00,000 வருடத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். 5-க்கும் 10,000-க்கும் நடுவே உங்கள் ஆலை எங்கே நிற்கிறது என்று எந்த மூத்த ஆபரேட்டரின் அனுபவத்தாலும் சொல்ல முடியாது. அவருடைய அனுபவம் பொய் என்று சொல்ல வரவில்லை. பம்ப் எப்போது கேவிட்டேட் ஆகும் (உள்ளே குமிழி வந்து திணறும்), எந்த வால்வு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் தினம் நடப்பவை. அவற்றில் அவர் சொன்னால் அதுதான் வேதம். அபூர்வமாக நடப்பதைப் பற்றி அனுபவத்திடம் கேட்பதுதான் தவறு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? விபத்துக்கும் நமக்கும் நடுவில் வைத்திருக்கும் தடுப்புகள் ஒவ்வொன்றும் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஸ்டைரீன் என்பது தெர்மகோலுக்கும் பிளாஸ்டிக் டம்ளருக்கும் மூலப்பொருள். பார்க்கப் பெட்ரோல் மாதிரி இருக்கும் திரவம். சும்மா வைத்திருந்தாலே தனக்குள் மெதுவாகப் பாலிமராகிக்கொண்டிருக்கும், ஆகும்போது சூடு விடும், சூடு ஏறினால் இன்னும் வேகமாக ஆகும். இந்தச் சுழல் தொடங்காமல் மூன்று விஷயங்கள் பார்த்துக்கொள்கின்றன. டாங்க்கைக் குளிர்ச்சியாக வைப்பது ஒன்று. டிபிசி என்ற தடுப்பானை பத்துப் பதினைந்து பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) அளவில் கலந்து வைப்பது ஒன்று. அதுவும் திரவத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் கரைந்திருந்தால்தான் வேலை செய்யும். மூன்றாவது, இந்தக் குளிர்ச்சியும் தடுப்பானும் டாங்க் முழுக்கப் போய்ச் சேரும்படி திரவத்தைச் சுற்றவிடுவது.

ஊரடங்கில் ஆலை நின்றுபோனது. எம்6 என்ற டாங்க்கில் ஏறக்குறைய 1,800 டன் ஸ்டைரீன் அசையாமல் கிடந்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழுவின் அறிக்கையில் வரும் விஷயங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் டாங்க்குக்குள் இருந்த குழாய் அமைப்பை மாற்றியதால், குளிர்ந்து திரும்பும் ஸ்டைரீன் மேலே போகாமல் அடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெப்பநிலை அளக்கும் கருவி டாங்க்கின் அடியில் மட்டும் இருந்தது. குளிரூட்டும் இயந்திரத்தைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்திவிடுவது வழக்கம். டிபிசி கையிருப்பு இல்லை. கேட் உட்பட 36 இடங்களில் இருந்து சைரனை அடிக்கலாம். அன்று ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. சுற்றியிருந்த வெங்கடாபுரம் ஜனங்கள் தூக்கத்தில் இருந்தார்கள். 12 பேர் இறந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது ஒன்றுதான். அன்று ராத்திரி யாரும் தப்பான வால்வைத் திறக்கவில்லை. யாரும் குடித்துவிட்டு வரவில்லை. அடியில் இருந்த கருவி காட்டிய எண்ணும் சரியான எண்தான், அடிமட்டத்துக்கு. சூடு ஏறிக்கொண்டிருந்தது மேலே. பைப்பை மாற்றிய அன்றே "இனிமேல் இந்த ரீடிங் எதைக் காட்டும், எதைக் காட்டாது?" என்று ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறு. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் எம்ஓசி என்ற மாற்ற மேலாண்மைப் படிவம் இருக்கிறது. நம் ஊரில் அது பெரும்பாலும் மாற்றம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பின்தேதி போட்டு நிரப்பப்படுகிறது. குளிர்ச்சி, தடுப்பான், சுற்றோட்டம் என்ற மூன்று குறைகளில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்மட்டத்தில் எந்த நாளில், எந்த மணிக்குச் சூடு ஏறத் தொடங்கியது என்று காட்டும் ரீடிங்கே இல்லையே. தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் போயிருந்தன என்பது மட்டும் நிச்சயம்.

சரி, உங்கள் லாக்ஷீட் (ரீடிங் எழுதும் தாள்) விஷயத்துக்கு வருகிறேன். மொத்தமாக எழுதிய ஷீட்டைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். எட்டு மணி நேரத்து எண்களும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். பக்கத்தில் ஒரு டீ டம்ளர் வட்டம், எல்லா எண்களும் அந்த வட்டத்துக்கு மேலே. ஒரு தடவை நான் பழைய ஷீட்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிரைன் (குளிர்விக்கும் உப்புநீர்) லைனில் ஒரு பிரஷர் கேஜ். மூன்று வாரமாக மணிக்கொரு முறை 2.4, 2.4, 2.5, 2.4. அவ்வளவு அழகாக ஒரு கேஜ் நடந்துகொள்ளாதே என்று நேரில் போய்ப் பார்த்தேன். கேஜைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் பிளக் அடித்திருந்தார்கள். மூன்று வாரம், மூன்று ஷிப்ட், ஒன்பது பேரின் கையெழுத்து. அந்த ஒன்பது பேரும் நல்ல ஆட்கள், இருவர் நான் இன்றும் மதிக்கிற ஆட்கள். அந்த எண்ணை ஒருவரும் ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை, அதனால் அவர்கள் எழுதினார்கள். இதில் போனது எண் மட்டும் என்றால் பரவாயில்லை, இப்போதெல்லாம் டிசிஎஸ்ஸே (ஆலையை இயக்கும் கணினி அமைப்பு) டிரெண்டு போட்டு வைத்துக்கொள்கிறது. போனது அந்த நடை. ரீடிங் எடுக்க நடந்து போகிறவன்தான் பம்ப் சீலில் சொட்டுவதைப் பார்ப்பான், ஃபிளாஞ்ச் பக்கத்தில் லேசாக ஒரு வாடை வருவதை முகர்வான், பேரிங் சத்தம் மாறியிருப்பதைக் கேட்பான். இதை எந்த டிரான்ஸ்மிட்டரும் டிசிஎஸ்ஸுக்கு அனுப்புவதில்லை.

பைபாஸில் கிடக்கும் இன்டர்லாக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. 3,000 லிட்டர் கிளாஸ் லைன்ட் (உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட) ரியாக்டர், நைட்ரேஷன் (நைட்ரிக் அமிலத்தோடு நடக்கும், சூடு விடும் வினை) பேட்ச். மேலே ஹெட் டாங்க்கில் இருந்து கலவை அமிலம் மெதுவாக டோஸ் ஆகும், ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் பிரைன் ஓடும். கலக்கிவிடும் ஸ்டிரர் மோட்டாரின் கரன்ட் குறைந்தால் டோசிங் வால்வு தானாக மூடிக்கொள்ளும் என்பது இன்டர்லாக். கரன்ட் சென்சார் அடிக்கடி பொய்யாக டிரிப் கொடுத்ததால் யாரோ பேனலுக்குள் ஒரு சிவப்பு ஒயர் துண்டைப் போட்டு ஜம்பர் அடித்து, இன்டர்லாக்கைச் செயலிழக்க வைத்துவிட்டார்கள். தற்காலிகமாகத்தான். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ரியாக்டரின் மூத்த ஆபரேட்டர் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, "சார், பேட்ச் ரொம்ப சமத்தா இருக்கு, எனக்குப் பிடிக்கல" என்றார். எஸ்ஓபியில் 10 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்றுதான் இருந்தது, 6-இலேயே நின்றது. பேப்பர்படி அருமையான பேட்ச். அவர் சொன்னது: இத்தனை அமிலம் போயிருக்கும்போது வழக்கமாக இரண்டு டிகிரியாவது ஏறி, பிரைன் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்; இன்று ஏறவே இல்லை, அப்படியானால் போட்டது எங்கே போகிறது?

போய்ப் பார்த்தோம். மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது, கப்ளிங் (மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைப்பது) விட்டுப்போய் ஷாஃப்ட் சும்மா நின்றது. கனமான அமிலம் 180 லிட்டர் ரியாக்ட் ஆகாமல் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்டிரர் நின்றுவிட்டது என்று கண்டால் எந்த மனிதனுக்கும் முதலில் வரும் எண்ணம் அதை உடனே ஓடவைப்பதுதான். அன்று அதைச் செய்திருந்தால் அந்த 180 லிட்டரும் ஒரே அடியாகக் கலந்து, மணிக்கணக்கில் வரவேண்டிய சூடு நிமிடக்கணக்கில் வந்திருக்கும். அந்தச் சூட்டை இழுக்க எங்கள் ஜாக்கெட்டுக்குத் திராணி கிடையாது. டோசிங்கை மூடினோம், அந்தத் தளத்தைக் காலி பண்ணினோம், பிரைனை ஓடவிட்டோம், ஸ்டிரர் பிரேக்கரில் பூட்டுப் போட்டோம். விடிந்தபிறகு ஆர் அண்ட் டி ஆளோடு உட்கார்ந்து பேசி, கீழே ஐஸ் தண்ணீர் இருந்த க்வென்ச் டாங்க்கில், அதன் ஸ்டிரர் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். பேட்ச் போனது. வேறு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பேனலைத் திறந்தால் அந்தச் சிவப்பு ஒயரின்மேல் தூசு படிந்திருந்தது. ஏழு மாதம் என்று கண்டுபிடித்தோம். அந்த ஏழு மாதத்தில் "இன்டர்லாக் சரியாக உள்ளது" என்ற கட்டத்தில் நானே எத்தனையோ ராத்திரி டிக் போட்டிருக்கிறேன்.

இந்தக் கதையை "அனுபவம்தான் காப்பாற்றியது, எஸ்ஓபி காப்பாற்றவில்லை" என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். பாதி சரி. அந்த ஆபரேட்டர் லீவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மீதிப் பாதி. பிறகு நாங்கள் எஸ்ஓபியில் ஒரு வரி சேர்த்தோம்: இத்தனை லிட்டர் போட்டபிறகும் வெப்பநிலை ஏறவில்லை என்றால் டோசிங்கை நிறுத்து, ஸ்டிரரைத் தொடாதே. அவர் தலைக்குள் இருந்தது காகிதத்துக்கு வந்தது. தற்காலிக மாற்றங்களுக்குக் காலாவதித் தேதி இல்லை என்றால் அவை நிரந்தரமாகிவிடும் என்பதை உலகமே 1974-இல் பார்த்தது. இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் விரிசல் விட்ட ஒரு ரியாக்டரைக் கழற்றிவிட்டு, பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்த படத்தை வைத்து ஒரு பைபாஸ் குழாய் செய்து மாட்டினார்கள். இரண்டு மாதம் ஓடியது. ஜூன் 1 அன்று அது விட்டுக்கொடுத்தது, 28 பேர் போனார்கள். சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் ஆள் இல்லை, அதனால் அத்தோடு நின்றது.

அலாரம் விஷயத்தில் நான் உங்கள் ஆபரேட்டர்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். ஒரு மனிதனால் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்ற அளவில்தான் யோசித்துப் பதில் செய்ய முடியும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. 1994-இல் வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் ரிஃபைனரி வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தது. அமுக்காமல் என்ன செய்வார்கள்? உங்கள் ஆலையில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை அலாரம் வருகிறது என்று டிசிஎஸ்ஸில் இருந்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து டேக் (கருவி எண்) மட்டுமே பாதிக்கும் மேல் கத்திக்கொண்டிருக்கும், அதில் ஒன்று ஆறு மாதமாகப் பழுதான லெவல் டிரான்ஸ்மிட்டராக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஆபரேட்டருக்கு டிரெயினிங் கொடுப்பது வீண்.

இன்னும் ஒன்று. எல்லாருமே, எல்லா ஷிப்டிலுமே ஒரு விதியை மீறுகிறார்கள் என்றால், ஆட்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் விதியைச் சந்தேகப்படுங்கள். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டியில் பிபி ரிஃபைனரியில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்றை ஸ்டார்ட் பண்ணும்போது அளவுக்கு மீறி நிரப்பிவிட்டார்கள். 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். அடியில் 50 சதவீதம் லெவல் வைக்கச் சொல்லி எஸ்ஓபி. லெவல் மீட்டர் அளந்ததோ அடியில் பத்தடிக்கும் குறைவான உயரத்தை மட்டும். ஸ்டார்ட்அப்பில் லெவல் ஏறி இறங்கும், சட்டென்று காலியானால் ஃபர்னஸ் கெட்டுவிடும் என்பதால், வருடக்கணக்காகவே ஆபரேட்டர்கள் மேலே தள்ளி வைத்தார்கள். அவர்களுக்கு அது பொறுப்பான வேலை. திரவம் மீட்டரின் எல்லையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தபோதும் மீட்டர் 100-க்குக் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. எழுதி வைத்த முறை ஓட்டுவதற்கு ஒத்துவராதது, ஓட்டிய முறை யாரும் ஆராயாதது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி நிர்வாகத்துக்குத் தெரிந்தேதான் இருந்தது. எழுதியபடி செய், முடியாவிட்டால் எழுதியதை முறையாக மாற்று. ஆபரேஷனல் டிசிப்ளின் என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் என் அகராதியில் இவ்வளவுதான்.

உங்கள் கேட்டில் "விபத்தில்லா நாட்கள்" என்று ஒரு போர்டு இருக்குமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அது கை அடிபட்டதையும் கால் வழுக்கியதையும் எண்ணுகிற போர்டு. ஒரு பெரிய விபத்துக்கு 29 சின்னக் காயம், 300 காயமில்லாச் சம்பவம் என்று ஹைன்ரிக் 1931-இல் சொன்ன முக்கோணத்தை எல்லா சேஃப்டி வகுப்பிலும் வரைவார்கள். அந்த எண்களின் மூலத் தரவை யாராலும் சரிபார்க்க முடிந்ததில்லை. அப்படியே சரி என்றாலும், கீழே வழுக்கி விழுவதைக் குறைத்தால் ரியாக்டர் வெடிப்பது குறையும் என்பதற்கு அது ஆதாரமாகாது. டெக்சாஸ் சிட்டியில் ஆள் காயப்படும் விகிதம் அந்த ஆலையின் வரலாற்றிலேயே குறைவாக இருந்தது, வெடிப்புக்கு முந்தைய வருடத்தில். எத்தனை இன்டர்லாக் பைபாஸில் இருக்கிறது, எத்தனை ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் திறந்துகொள்வது) டெஸ்ட் தேதி தாண்டியிருக்கிறது என்று ஒரு போர்டு வைத்தால் நான் நின்று படிப்பேன். அப்படிப்பட்ட போர்டை இதுவரை எந்தக் கேட்டிலும் பார்த்ததில்லை.

போபாலைச் சொல்லாமல் இந்தியாவில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1984 டிசம்பர் 2 இரவு எம்ஐசி என்ற நச்சுத் திரவம் இருந்த 610-ஆம் டாங்க்குக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதில் இன்றும் இரண்டு கட்சி இருக்கிறது. பைப்லைனைக் கழுவும்போது அடைப்புத் தகடு போடாமல் விட்டதால் போனது என்பது தொழிலாளர்கள் தரப்பு. கோபத்தில் இருந்த ஓர் ஊழியர் வேண்டுமென்றே விட்டார் என்பது யூனியன் கார்பைடு தரப்பு. எனக்கு இரண்டாவது கதையில் நம்பிக்கை இல்லை, ஆனால் அது என் அபிப்பிராயம். யாரும் மறுக்காதது வேறு: எம்ஐசியைக் குளிர்விக்கும் இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள், ஸ்க்ரப்பர் (நச்சுவாயுவைக் கழுவும் அமைப்பு) ஸ்டாண்ட்பையில் இருந்தது, வாயுவை எரிக்கும் ஃப்ளேருக்குப் போகும் குழாயின் ஒரு துண்டு கழற்றிக் கிடந்தது, தண்ணீர்த் திரை வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. தண்ணீரை யார் விட்டிருந்தாலும் இந்த நான்கும் நான்குதான். ஒவ்வொன்றையும் நிறுத்திய அன்று எதுவும் ஆகவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, வாயைத் திறக்கலாமா. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால் தொழிலாளர்கள் நிர்வாகத்துக்கும், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்க உரிமை உண்டு என்று. தொழிலாளர் சட்டங்கள் தொகுப்புகளாக மாறிவிட்டதால் இன்றைய பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ப்ரொபேஷனில் இருப்பவர் முதல் வேலையாக அதைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் அப்படிப் போகச் சொல்ல மாட்டேன். ஓர் எச்சரிக்கை: ஆள் உள்ளே இறங்கும் டாங்க்கில் ஆக்சிஜன் பார்க்காமல் பெர்மிட் கொடுப்பது மாதிரி கண்ணெதிரே உயிர் போகும் விஷயம் என்றால் கன்பர்மேஷன் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

மற்றவற்றில், "பொய்யாக எழுதுகிறார்கள்" என்று மேனேஜரிடம் போனவர்கள் யாரும் உருப்படியாக எதையும் மாற்றி நான் பார்த்ததில்லை. ஆபரேட்டர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள், அதன்பிறகு அவருக்கு ஆலையில் நடப்பது எதுவுமே தெரியாது. இன்டர்லாக்கில் தொடங்குங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம், பதிவேடாகக் கேளுங்கள்: எந்த இன்டர்லாக், யார் பைபாஸ் செய்தது, ஏன், அதற்குப் பதில் இப்போது என்ன பார்த்துக்கொள்கிறது, எந்தத் தேதிக்குள் திரும்ப வரும். பயிற்சியாளர் ஒருவர் "லிஸ்ட் போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டால் பெரும்பாலான மேனேஜர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை, அடுத்த ஆடிட்டில் அந்த லிஸ்ட் அவர்களுக்கும் உதவும். அப்புறம், ராத்திரி மூன்று மணிக்கு ஒரு தடவை உங்கள் மூத்த ஆபரேட்டரோடு ரவுண்டு போய், ஒவ்வொரு கேஜ் முன்னாலும் "அண்ணே, இது எவ்வளவு காட்டினா நீங்க பயப்படுவீங்க?" என்று கேளுங்கள். சிலவற்றுக்கு டக்கென்று பதில் வரும். சிலவற்றுக்கு அவர் சிரிப்பார். சிரித்த கேஜ்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இருந்த ஓர் ஆலையில் மணிக்கு 64 ரீடிங் எடுக்க வேண்டியிருந்தது. வாட்சைப் பிடித்துக்கொண்டு நானே நடந்து பார்த்தேன், 50 நிமிடம் ஆனது. ஆபரேட்டருக்கு வேறு வேலையே இருக்கக்கூடாது. உட்கார்ந்து பேசி 19-ஆகக் குறைத்தோம், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த எண்ணில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினோம். எடுக்காத ரீடிங்குக்கு எண் போடக்கூடாது, கோடு போட்டு "எடுக்கவில்லை" என்று எழுத வேண்டும் என்றோம். முதலில் கோடு போட்டவருக்கு ஷிப்ட் இன்சார்ஜ் மெமோ கொடுக்கப் பார்த்தார். ப்ளான்ட் ஹெட் அதை வாங்கிக் கிழித்துப் போட்டார். அடுத்த வாரத்து ஷீட்களில் 14 கோடுகள் இருந்தன. அதில் ஒன்பது ஒரே கேஜுக்கு. போய்ப் பார்த்தால், அது இருந்த இடத்துக்கு ஏறும் ஏணியை எப்போதோ ஒரு ஷட்டவுனில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை.